நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவின் போன் பில்லில் யாரோ எடுத்த கலெக்ட் கோல் காசு: கட்டுவதா, விடுவதா?

உவர்மலை வாணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்க ரெலிபோன் பில் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள்.

என் அக்கா நியூ ஜேர்சியில் இருக்கிறார். வயது எழுபத்தாறு. அத்தான் போன பிறகு வீட்டில் தனியாகத்தான். மகன் கலிபோர்னியாவில். பழைய லைன் போன் ஒன்று இன்னும் வைத்திருக்கிறார். வெட்டிவிடுங்கள் என்றால் கேட்கமாட்டார். "ஊரில எல்லாரிட்டையும் இந்த நம்பர்தான் இருக்கு" என்பார். பில் வந்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவார். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கணக்குக் கிளையில் இருந்து ஓய்வு பெற்றவள். பில் என்றால் கடைசிப் பக்கம்வரை பார்க்காமல் விடமாட்டேன். அக்காவோ முதல் பக்கத்து மொத்தத்தைப் பார்த்துக் காசோலை எழுதுகிற ஆள்.

இந்த முறை மொத்தம் வழக்கத்தைவிட ஐம்பது டொலர் கூட. கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு கட்டம். அதன் தலைப்பில் நாங்கள் கேள்வியே படாத ஒரு கம்பனியின் பெயர். கீழே மூன்று வரிகள், மூன்றும் கலெக்ட் கோல் (கூப்பிடுகிறவர் அல்ல, ஏற்கிறவர் காசு கட்டுகிற கோல்), மூன்றும் டெக்சஸில் ஏதோ ஒரு ஊரிலிருந்து. ஒரு நிமிடத்துக்கு 14.87 டொலர், இன்னொரு நிமிடத்துக்கு 14.87, இரண்டு நிமிடத்துக்கு 16.42. அதன்பிறகு வரி, கட்டணம் என்று 4.31. எல்லாம் சேர்த்து 50.47. மூன்றும் ஒரே நாள், காலை 10.40க்கும் 11 மணிக்கும் இடையில். இங்கே அப்போது இரவு எட்டு மணி தாண்டியிருக்கும். டெக்சஸில் அக்காவுக்கு ஒருவரையும் தெரியாது.

போன் கம்பனிக்குக் கோல் எடுத்தால், "நாங்கள் அவர்களுக்காக பில் மட்டும்தான் போடுகிறோம், அவர்களோடு கதையுங்கள்" என்கிறார்கள். அந்த மற்றக் கம்பனியின் நம்பருக்கு எடுத்தால் பாட்டுத்தான். நெடுநேரம் கழித்து ஒரு பெண் வந்து, "உங்கள் வீட்டில் யாரோ ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், அதனால் கட்டத்தான் வேண்டும்" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

இதில் ஒரு சிக்கல். அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். போனில் யாராவது ஆங்கிலத்தில் வேகமாகக் கதைத்தால் "யெஸ், யெஸ்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அன்றைக்கும் அப்படிச் சொல்லியிருப்பாரோ தெரியாது, அவருக்கும் ஞாபகம் இல்லை. கட்டாவிட்டால் லைனை வெட்டிவிடுவார்கள் என்று பயந்துபோய் இருக்கிறார். திருகோணமலையில் இருந்துகொண்டு அவருக்காக நான் என்ன செய்யலாம்?

எடிசன் குமரன் எழுதியது:

வாணி அக்கா, நானும் நியூ ஜேர்சிதான். ஐம்பது டொலருக்காக இந்த ஆக்களோடு மல்லுக்கட்டினால் மண்டையிடிதான் மிஞ்சும். கட்டிவிட்டு லைன் போனை வெட்டச் சொல்லுங்கள். இந்தக் காலத்தில் லைன் போனுக்கு வருவதெல்லாம் விளம்பரமும் கள்ளக் கோலும்தான். இன்னொன்று, கட்டாமல் விட்டால் கடன் வசூலிக்கிற கம்பனிக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு அக்காவின் கிரெடிட் ஸ்கோர் கெட்டுப்போகும்.

பாலையூற்று பழைய ஒப்பரேட்டர் எழுதியது:

தங்கச்சி வாணி, கட்டவேண்டாம். தம்பி குமரன் சொல்வது அவசரக்காரர் வழி. கட்டினால் அடுத்த மாதமும் மூன்று வரி வரும். கேட்காமல் கட்டுகிற வீடு எது என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய தகவல்.

நான் திருகோணமலை எக்ஸ்சேஞ்சில், வெளியூர்க் கோல்களைக் கையால் இணைக்கிற ட்ரங்க் போர்டில் இருந்தவன். சேரும்போது தபாலும் ரெலிபோனும் ஒரே திணைக்களம். 1980இல் தபாலைப் பிரித்துத் தொலைத்தொடர்புக்குத் தனித் திணைக்களம் வைத்தார்கள். 1991இல் அது கூட்டுத்தாபனம் ஆனது. நான் இருந்த கதிரை மாறவில்லை, சம்பளச் சீட்டின் தலைப்பு மாறிக்கொண்டிருந்தது.

நீங்கள் சொல்லும் கலெக்ட் கோலை நாங்கள் ரிவர்ஸ் சார்ஜ் என்போம். பேராதனைக் கம்பஸில் படிக்கிற பிள்ளை இரவில் வீட்டுக்குக் கதைக்க வருவான், கையில் காசு இருக்காது. கண்டி ஒப்பரேட்டர் எங்களைக் கூப்பிடுவார். நான் வீட்டுக்கு மணி அடித்து, "கண்டியில இருந்து உங்கட மகன் கதைக்கிறார், காசு நீங்க கட்டுவீங்களா?" என்று கேட்பேன். ஓம் என்று காதால் கேட்ட பிறகுதான் வயரைத் துளையில் செருகலாம். அதுவரை அந்தப் பக்கத்து ஆளுக்கு இந்தப் பக்கம் கேட்கக்கூடாது. சின்னப் பிள்ளை போனை எடுத்தால் "பெரியாக்களைக் கூப்பிடு மகன்" என்போம். பிறகு டிக்கெட்டில் பென்சிலால் நேரமும் எழுதி, ஓம் சொன்னது தகப்பனா தாயா என்பதையும் ஓரத்தில் குறித்துவைப்பேன். பில் வந்ததும் சிலர் கந்தோருக்கே வந்து சண்டை பிடிப்பார்கள். அந்தச் சீட்டை எடுத்து மேசையில் வைத்தால் சத்தம் அடங்கிவிடும். சீட்டு இல்லையென்றால் எங்கள் பக்கம் நியாயம் இல்லை.

ஓம் சொல்லாத தகப்பன்மாரும் இருந்தார்கள். மகனின் பெயரைக் கேட்டதும் "வேண்டாம், வையுங்கோ" என்பார்கள், குரலில் சந்தோஷம் தெரியும். பிள்ளை பஸ்ஸில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்ற செய்தி காசில்லாமல் வந்துவிட்டது அல்லவா. எங்களுக்கும் விளங்கும், ஒன்றும் சொல்லமாட்டோம்.

இப்போது அந்தக் கதிரையில் ஆளில்லை, மெஷின்தான். அது ஆங்கிலத்தில் ஒரு பந்தி வேகமாகச் சொல்லிவிட்டு, சம்மதம் என்றால் யெஸ் சொல்லுங்கள் அல்லது 1ஐ அழுத்துங்கள் என்கிறது. எதிரில் இருப்பது காது மந்தமான எழுபத்தாறு வயது மனுஷியா, விளையாடுகிற பேரப்பிள்ளையா என்று அதற்குத் தெரியாது. "ஹலோ, யெஸ்?" என்று சாதாரணமாகச் சொன்னாலும் அதற்கு அது சம்மதம்தான். சில நேரம் அப்படி ஒரு கோலே வந்திருக்காது, பில்லில் வரி மட்டும் வந்திருக்கும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. ஏ.டி. அண்ட் டி. என்ற பெரிய கம்பனியை 1984 ஜனவரி 1ஆம் தேதி பிரித்தார்கள். அதன்பிறகு ஒப்பரேட்டர் வேலையை யாரும் செய்யலாம் என்று சின்னச் சின்னக் கம்பனிகள் புறப்பட்டன. ஹோட்டலிலும் தெருவோர போனிலும் இருந்து எடுத்த கோலுக்கு வாய்க்கு வந்த விலை போட்டார்கள். சனம் கத்தியதால் 1990இல் அங்கே நாடாளுமன்றம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி கோலை இணைக்கிற கம்பனி முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். விலையைக் கேட்டால் சொல்ல வேண்டும். இணைப்பதற்கு முன் வைத்துவிட்டால் ஒரு சதமும் எடுக்கக்கூடாது. விலையை எப்படி அறியலாம் என்பதை அவர்களே வாயால் சொல்ல வேண்டும் என்பது பிறகு விதியாக வந்தது. அதனால், அக்கா யெஸ் சொன்னாரா இல்லையா என்று நீங்கள் அவரைக் குடைய வேண்டாம். யார் கூப்பிட்டது, என்ன பெயர் சொன்னார்கள், விலை எந்த இடத்தில் சொல்லப்பட்டது, யார் ஏற்றது என்பதை அவர்கள்தான் காட்ட வேண்டும். கேட்டுப் பாருங்கள். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டாவது இருந்தது, அவர்களிடம் அதுவும் இருக்காது.

"நாங்கள் பில் மட்டும்தான் போடுகிறோம்" என்ற கதையையும் அப்படியே விழுங்கவேண்டாம். கோலை இணைத்த கம்பனி ஒன்று, கணக்கைச் சேர்த்துக் கொடுக்கும் இடைத்தரகர் ஒருவர், கடைசியில் உங்கள் போன் கம்பனி. ஆளுக்கொரு பங்கு எடுக்கிறார்கள். மீன்காரரின் கணக்கை மரக்கறிக் கடைச் சிட்டையில் எழுதிவிட்டு, மீனைப் பற்றி எனக்குத் தெரியாது என்று மரக்கறிக்காரர் சொல்வது மாதிரி. சிட்டை உன்னுடையது, நீதான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அக்காவின் பில்லில் இருந்து 50.47ஐக் கழித்துவிட்டு மிச்சத்தைத் திகதிக்கு முன்னால் கட்டச் சொல்லுங்கள். ஒரு நாளும் பிந்த வேண்டாம். காசோலையோடு ஒரு கடதாசி: இந்தப் பக்கத்தில் உள்ள இந்த மூன்று கோலும் நான் ஏற்றவை அல்ல, இந்தத் தொகையை மறுக்கிறேன், மிச்சம் கட்டியிருக்கிறேன். அவ்வளவுதான். கடதாசியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லைன் வெட்டுப்படும் என்ற பயத்துக்கும் பதில் பில்லிலேயே இருக்கும். எந்தக் கட்டணத்தைக் கட்டாவிட்டாலும் வீட்டு லைன் வெட்டுப்படாது என்று பில்லில் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் பாருங்கள். கச்சேரிக் கண்ணுக்கு அது தப்பாது.

சாம்பல்தீவு தர்ஷி எழுதியது:

வாணி அன்ரி, நான் கொழும்பில் ஒரு கோல் சென்டரில் அமெரிக்க பில்லிங் பக்கம் சில காலம் வேலை செய்தேன். கம்பனியின் பெயர் வேண்டாம். ஒப்பரேட்டர் ஐயா சொன்னது எல்லாம் சரி. போனின் மற்றப் பக்கம் இருந்தவள் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

முதலில், நீங்கள் தனியாகக் கோல் எடுத்தால் உங்களோடு கதைக்கமாட்டார்கள். கணக்கு அக்காவின் பெயரில். அவர் லைனில் இருந்து, தன் பெயரும் விலாசமும் சொல்லி, "என் தங்கச்சி எனக்காகக் கதைப்பா" என்று சொல்ல வேண்டும். கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்துவிடச் சொன்னால் அடுத்த முறைக்கும் உதவும். இங்கே இரவு ஏழரைக்குப் பிறகு எடுத்தால் அங்கே காலை பத்து, அக்காவுக்கும் வசதி.

"இது என்ன கட்டணம்?" என்று தொடங்கவேண்டாம். அப்படிக் கேட்டால் எதிரில் இருக்கும் பிள்ளை விளக்கம் சொல்லிவிட்டு வைத்துவிடும். விளக்கம் கேட்ட கோல் என்றுதான் பதிவாகும். எடுத்த எடுப்பிலேயே "ஐ டிட் நாட் ஓதரைஸ் திஸ் சார்ஜ், ஐ ஆம் டிஸ்பியூட்டிங் இட்" (இந்தக் கட்டணத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, இதை மறுக்கிறேன்) என்று சொல்லுங்கள். அந்த வார்த்தைகள் விழுந்தால் அது முறைப்பாடாகப் பதியப்பட வேண்டும், நாங்கள் அழுத்துகிற பொத்தானே வேறு. அங்கே இந்த வகைக் கள்ளக் கட்டணத்துக்கு 'கிராமிங்' என்று பெயர். அந்தச் சொல்லையும் போட்டால் விஷயம் தெரிந்த ஆள் என்று நினைப்பார்கள். முதல் ஆளுக்குத் தள்ளுபடி செய்ய அதிகாரம் இல்லையென்றால் சுப்பர்வைசரைக் கேளுங்கள். கோபப்பட வேண்டாம், கேட்டுக்கொண்டே இருங்கள். பெயர், நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூன்றையும் எழுதிவைத்தால் போதும்.

கதையை முடிக்கும் முன் இரண்டு பூட்டுப் போடச் சொல்லுங்கள். ஒன்று, வேறு கம்பனிகள் இந்த பில்லில் எதுவும் எழுத முடியாதபடி தேர்ட் பார்ட்டி பிளொக். மற்றது, கலெக்ட் கோலுக்குத் தனியாக 'பில்ட் நம்பர் ஸ்கிரீனிங்'. கலெக்ட் கோலை இணைக்கிற கம்பனிகள் அந்த நம்பர் கலெக்ட் கோல் ஏற்குமா என்று ஒரு பொதுத் தரவுத்தளத்தில் பார்ப்பார்கள். அதில் ஏற்காது என்று போட்டுவிட்டால் மெஷின் அக்காவிடம் கேட்கும் கட்டத்துக்கே வராது, அவர் எத்தனை யெஸ் சொன்னாலும் பரவாயில்லை. ஒன்றைப் போட்டால் மற்றதும் வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம், இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

போன் கம்பனி மறுத்தால் எப்.சி.சி., அதுதான் அங்கே தொலைத்தொடர்பைக் கண்காணிக்கிற மத்திய ஆணைக்குழு. இணையத்தில் முறைப்பாடு எழுத ஒரு சதமும் இல்லை. அவர்கள் அதைப் போன் கம்பனிக்கு அனுப்புவார்கள். கம்பனி 30 நாளுக்குள் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். உள்ளே இருந்து பார்த்தவள் சொல்கிறேன், அந்த முறைப்பாடு வந்தால் அதைக் கவனிக்கிறது வேறு ஆட்கள். ஐம்பது டொலருக்காக அவர்கள் வாதாடுவதில்லை. நியூ ஜேர்சிக்குள் எடுத்த கோல் என்றால் மாநிலத்தின் போர்ட் ஒப் பப்ளிக் யூட்டிலிட்டீஸ் என்ற சபைக்கும் எழுதலாம். உங்களுடையது டெக்சஸ் கோல் என்பதால் எப்.சி.சி. தான்.

அக்காவின் வீட்டில் வொயிஸ்மெயில் இருக்கிறதா? இருந்தால் அதன் இரகசிய இலக்கத்தை உடனே மாற்றுங்கள். கம்பனி முதலில் கொடுத்த இலக்கத்தை மாற்றாத ஆட்களின் வொயிஸ்மெயிலுக்குள் நுழைந்து, வரவேற்புக் குரலை அழித்துவிட்டு "யெஸ், யெஸ், ஐ வில் எக்செப்ட்" என்று பதிந்துவைக்கிற கள்ளர் இருக்கிறார்கள். பிறகு அந்த நம்பருக்குக் கலெக்ட் கோல் எடுப்பார்கள், வொயிஸ்மெயில் தானாகவே சம்மதம் சொல்லிவிடும். கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் இதைச் சனி, ஞாயிறுகளில் செய்வார்கள், திங்கள்வரை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். எப்.சி.சி. இது பற்றித் தனியாகவே எச்சரித்திருக்கிறது.

குமரன் அண்ணா, கிரெடிட் ஸ்கோர் பயம் நியாயம்தான். போன் கம்பனி தள்ளுபடி செய்த பிறகும் மற்றக் கம்பனி நேரடியாக பில் அனுப்பலாம், வசூல்காரருக்கும் கொடுக்கலாம். வசூல்காரரின் கடதாசி வந்தால் 30 நாளுக்குள் மறுத்து எழுத வேண்டும். எழுதிவிட்டால் கடனை நிரூபிக்கும்வரை அவர்கள் வசூலிக்க முயலக்கூடாது, அது அங்கே சட்டம். எழுதாமல் பேசாமல் இருந்தால்தான் பிரச்சினை.

எடிசன் குமரன் எழுதியது:

சரி, சட்டம் இருக்கிறது. இருந்தும் இது நடந்துகொண்டுதானே இருக்கிறது? வயதானவர்களை இதற்குள் இழுத்து அலைய வைப்பதைவிட லைனை வெட்டுவது சுகம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

சாம்பல்தீவு தர்ஷி எழுதியது:

நடக்கிறதுதான் அண்ணா, முன்பைவிடக் குறைவு. 2011இல் அமெரிக்க செனட் குழு ஒன்று விசாரித்தபோது லைன் போன் பில்களில் வருடத்துக்கு 30 கோடி தடவை, 200 கோடி டொலருக்கு மேல், இப்படி வேறு கம்பனிகளின் கட்டணங்கள் ஏறுவதாகக் கண்டார்கள். எல்லாம் கள்ளம் இல்லை, ஆனால் கள்ளம் நிறைய. அடுத்த வருடம் பெரிய கம்பனிகள் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தாங்களே நிறுத்தின. அதே 2012இல்தான் மற்றவர் கட்டணத்தை பில்லில் தனிப் பகுதியாக, தனிக் கூட்டுத்தொகையோடு காட்ட வேண்டும் என்று எப்.சி.சி. விதி போட்டது. வாணி அன்ரி பார்த்த அந்தத் தனிக் கட்டம் அப்படி வந்ததுதான். கைபேசியிலும் இதே கூத்து நடந்து, 2014, 2015 இரண்டு வருடத்திலும் நான்கு பெரிய கம்பனிகள் 35 கோடி டொலர் அளவு கட்டி வழக்கை முடித்தன. லைனை வெட்டிவிட்டுக் கைபேசிக்குப் போனால் தப்பலாம் என்று இல்லை.

கிண்ணியா ரிஸ்வி எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இடையில் புகுந்ததற்குக் குறை நினைக்கவேண்டாம். எங்களுக்கு இங்கே கலெக்ட் கோல் இல்லை, மிஸ்ட் கோல்தான். எங்கட உம்மாவின் போனுக்கு விடியப்புறம் ஒரே ஒரு தடவை மணி அடித்து நின்றது. நம்பர் 26 என்று தொடங்கினதால் திருகோணமலை டவுனில் இருந்து யாரோ என்று நினைத்துத் திருப்பி எடுத்திருக்கிறார். மற்றப் பக்கம் ஏதோ பாட்டும் இரைச்சலுமாம். யாரோ அழுகிறார்கள் என்று நினைத்து வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்! ரீலோட் போட்ட காசு எல்லாம் போய்விட்டது. பிறகு பார்த்தால் அது எங்கள் 026 இல்லை, முன்னால் பிளஸ் போட்ட 263. அது சிம்பாப்வே நாட்டு இலக்கம். கம்பனியைக் கேட்டால் நீங்கள்தானே எடுத்தீர்கள் என்கிறார்கள். இதுக்கு வழி இருக்கா?

பாலையூற்று பழைய ஒப்பரேட்டர் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் தம்பி. நல்ல விஷயம் சொன்னீர்கள், திருகோணமலை ஆக்கள் இதை எல்லாம் கவனிக்கத்தான் வேண்டும். 261 மடகாஸ்கர், 263 சிம்பாப்வே, 269 கொமொரோஸ் தீவுகள். எல்லாம் 26தான். எங்கள் ஊர் லைன் என்றால் 026 என்று பூச்சியத்தோடு வரும், இல்லாவிட்டால் பிளஸ் 94க்குப் பின்னால் 26 வரும். பிளஸ்ஸுக்கு அடுத்ததாகவே 26 நின்றால் அது எங்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தடி இல்லை.

இதன் தந்திரம் என்னவென்றால், வெளிநாட்டு அழைப்பு ஒன்றுக்கு இங்கிருந்து போகிற காசில் ஒரு பங்கு அந்த இலக்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவனுக்குப் போகும். அதனால் அவன் எப்படியாவது உங்களை எடுக்க வைத்து, எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் வைத்திருக்கப் பார்ப்பான். பாட்டு, அழுகை, மணி அடிக்கிற சத்தம் எல்லாம் பதிவு. 2019இல் அமெரிக்காவிலும் மேற்கு ஆபிரிக்க நாட்டு இலக்கங்களில் இருந்து இதே மாதிரி ஒற்றை மணி அடித்து, அங்கேயும் அரசாங்கம் திருப்பி எடுக்கவேண்டாம் என்று அறிவித்தது.

உம்மாவின் காசைத் திரும்ப எடுப்பது கஷ்டம், பொய் சொல்லமாட்டேன். வாணி தங்கச்சியின் அக்கா ஒரு நம்பரையும் சுழற்றவில்லை, அதுதான் வித்தியாசம். இருந்தாலும் கம்பனிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் சொல்லலாம். உம்மா வெளிநாட்டுக்கு நேரே கோல் எடுப்பதில்லை என்றால் அந்த வசதியையே மூடிவிடக் கேளுங்கள். மகன் கட்டாரில் என்றாலும் வட்ஸ்அப்பில்தானே கதைப்பார்.

கிண்ணியா ரிஸ்வி எழுதியது:

கட்டார் இல்லை ஐயா, சவூதி. மற்றதெல்லாம் சரி! இன்றைக்கே மூடச் சொல்கிறேன்.

உவர்மலை வாணி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவையும் லைனில் வைத்துக்கொண்டு போன் கம்பனிக்குக் கோல் எடுத்தோம். தர்ஷி சொல்லிக்கொடுத்த வசனத்தை அக்காவே சொன்னார். "ஐ டிட் நாட் ஓதரைஸ்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னதைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது, பள்ளிக்கூடத்தில் பிரசங்கப் போட்டிக்குப் பேசுகிற குரல். முதல் ஆள் பழைய பல்லவியைத்தான் பாடினார். சுப்பர்வைசர் வந்ததும் ஒப்பரேட்டர் அண்ணையின் கேள்விகளை நான் கேட்டேன். ஏற்றது யார், கூப்பிட்டவர் சொன்ன பெயர் என்ன, விலை சொன்ன பதிவு எங்கே? அவர் கணினியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு, "எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை மேம்" என்றார். அப்படியென்றால் எதை வைத்து பில் போட்டீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒரு முறை மட்டும் சலுகையாகக் கழித்துவிடுவதாகச் சொன்னார். சலுகை என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை, எங்கள் காசை எங்களுக்குத் தருவது என்ன சலுகை? என்றாலும் அதற்கு வாதாடவில்லை.

இரண்டு பூட்டும் போட்டாயிற்று. தர்ஷி சொன்னது சரி, முதலாவதைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்றுதான் சொன்னார்கள். ஸ்கிரீனிங்கையும் பெயர் சொல்லிக் கேட்ட பிறகுதான் அதையும் போட்டார்கள். இரண்டும் இலவசம். வொயிஸ்மெயில் அக்காவிடம் இல்லை. அத்தான் வாங்கிவைத்த பழைய ஆன்சரிங் மெஷின்தான். அதில் இன்னும் அத்தானின் குரல் இருப்பதால் மாற்றமாட்டாராம், நானும் வற்புறுத்தவில்லை. பில்லின் பின்பக்கத்தில், அந்தக் கட்டணத்தைக் கட்டாவிட்டாலும் வீட்டு லைன் வெட்டுப்படாது என்ற வரியும் இருந்தது. பூதக்கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாத அளவு. அதைப் பெரிதாக்கிப் படம் அனுப்பிய பிறகுதான் அக்கா ஒழுங்காக நித்திரை கொண்டிருக்கிறார்.

இன்றைக்குப் புது பில் வந்திருக்கிறது. மூன்று கோலுக்கும் உரிய 46.16ஐக் கழித்திருக்கிறார்கள். அந்தக் கோல்களுக்குப் போட்ட வரி, கட்டணம் 4.31 மட்டும் பழைய நிலுவை என்று அப்படியே நிற்கிறது. கோலே இல்லையென்றால் வரி எதற்கு? குமரன் தம்பி சிரிக்கவேண்டாம், நாளை இரவு ஏழரைக்கு மறுபடி எடுக்கிறோம். தர்ஷி, வரியைத் தள்ளுபடி செய்ய முதல் ஆளுக்கு அதிகாரம் இருக்குமா, அல்லது நேரே சுப்பர்வைசரையே கேட்கட்டுமா?

சாம்பல்தீவு தர்ஷி எழுதியது:

முதல் ஆளே செய்யலாம் அன்ரி. பழைய முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி, "டாக்ஸ் ஒன் எ கிரெடிட்டட் சார்ஜ்" (கழித்துவிட்ட கட்டணத்துக்குப் போட்ட வரி) என்று கேளுங்கள்.